நேரத்திலிருந்து ஆழத்திற்கு, ஆழத்திலிருந்து கார்பனுக்கு: பீட் நில அளவீட்டில் புவியியற்பியல் படிமமாக்கல் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பீட் நிலங்கள் தேக்கி வைத்துள்ள கார்பனின் அளவைக் கணிப்பதற்கு அவற்றின் ஆழத்தை அறிதல் இன்றியமையாதது. துளையிட்டு மாதிரி எடுக்கும் பழைய முறையுடன், நிலம் ஊடுருவும் ரேடார், மின்தடைப் படிமமாக்கல் ஆகிய புவியியற்பியல் முறைகளும் இன்று கையாளப்படுகின்றன. இந்தோனேசியாவின் மேற்குக் காலிமந்தானில் இம்முறைகளைச் சோதித்து 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வை மையமாகக் கொண்டு, அவற்றின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ரேடார் நேரடியாக அளப்பது நேரத்தையே; ஆழமும் கார்பனும் அந்நேரத்திலிருந்து படிப்படியாக உய்த்துணரப்படுவன. ஒவ்வொரு படியிலும் சேரும் ஐயப்பாட்டை இறுதி எண்ணுடன் சேர்த்து அறிவிக்காவிடில், 3 மீட்டர் என்னும் சட்ட வரம்பு நடைமுறையில் உள்ள இடங்களில் பிழையான நிலப்பாகுபாடு நேரக்கூடும் என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: பீட் நிலம், நிலம் ஊடுருவும் ரேடார், மின்தடைப் படிமமாக்கல், கார்பன் இருப்பு, காலிமந்தான், நீலகிரி.

முன்னுரை

நீர் தேங்கிய நிலத்தில் காற்று புகாத நிலையில் தாவர எச்சங்கள் முழுமையாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகப் படிவதால் உருவாவது பீட் ஆகும். தமிழில் இது 'முற்றா நிலக்கரி' எனவும் வழங்கப்பெறுகிறது. அப்பெயர் அதனை எரிபொருளின் முதிராத நிலையாக நோக்குகிறது. இன்றைய அறிவியலோ அதனை எரிக்கப்படாமல் காக்கப்பட வேண்டிய கார்பன் சேமிப்பாகக் காண்கிறது. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடே பீட் நிலமாயினும், உலகக் காடுகளின் தாவரத் திரள் முழுவதிலும் உள்ளதைவிட மிகுதியான கார்பன் அதில் அடங்கியுள்ளது என்பது பலராலும் ஏற்கப்பட்ட கணிப்பு.

எனினும் வெப்பமண்டலப் பீட் நிலங்களைப் பொறுத்தவரை அக்கணிப்புகளுக்கிடையே பெரும் வேறுபாடு நிலவுகிறது. 2011ஆம் ஆண்டில் சூசன் பேஜும் உடன் ஆய்வாளர்களும் இந்தோனேசியாவின் பீட் கார்பனை 57.4 பில்லியன் டன் எனக் கணித்தனர். 2017ஆம் ஆண்டில் மேத்யூ வாரனும் பிறரும் தேசிய நிலப்படங்களைக் கொண்டு மேற்கொண்ட மறுமதிப்பீடு, அதே நாட்டிற்கு 13.6 முதல் 40.5 பில்லியன் டன் வரையிலான வீச்சைத் தந்தது. ஒரே நாட்டின் ஒரே வளத்தைக் குறித்த இவ்வேறுபாட்டிற்கு ஆழம் பற்றிய தரவுப் பற்றாக்குறை முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இக்குறையைத் தீர்க்கும் கருவியாகவே புவியியற்பியல் படிமமாக்கல் முன்வைக்கப்படுகிறது. அத்தீர்வு எந்த அளவிற்குத் தீர்வாகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. கணக்கின் உறுப்புகள்

ஒரு பீட் நிலத்தின் கார்பன் இருப்பு நான்கு அளவுகளின் பெருக்கற்பலனாகும்: பரப்பு, சராசரி ஆழம், உலர் பருமன் அடர்த்தி, கார்பன் விழுக்காடு. இவற்றுள் பரப்பைச் செயற்கைக்கோள் படங்கள் ஓரளவு தருகின்றன. கார்பன் விழுக்காடு, வெப்பமண்டல மரப்பீட்டில் பெரும்பாலும் 50 முதல் 60 வரை என்னும் குறுகிய எல்லைக்குள் அமைகிறது. எஞ்சிய இரண்டும், அதாவது ஆழமும் அடர்த்தியும், நிலத்தில் இறங்கியே அறியப்பட வேண்டியவை.

மரபான முறையில், கைத்துளைக்கருவியைப் பகுதி பகுதியாக இணைத்துக் கனிம மண்ணைத் தொடும் வரை இறக்குவர். மாதிரி கையில் கிடைப்பதால் ஆழம், அடர்த்தி, கார்பன், வயது ஆகிய அனைத்தையும் அதிலிருந்து அறியலாம். ஆயினும் ஒரு துளை ஒரு புள்ளியை மட்டுமே காட்டுகிறது. சதுப்புக் காட்டில் ஒரு நாளில் இடக்கூடிய துளைகள் சிலவே. இரு துளைகளுக்கு இடைப்பட்ட தரையடி வடிவம் ஊகத்தால் நிரப்பப்படுகிறது. புதைந்த பழைய ஆற்றுப்படுகையோ மேடோ அவ்விடைவெளியில் இருப்பின் கணக்கில் அது இடம்பெறுவதில்லை. மேலும், புதைந்துள்ள மரக்கட்டையில் கருவி முட்டி நின்றால், அதுவே அடித்தளம் எனத் தவறாகக் கொள்ளப்படவும் கூடும்.

2. படிமமாக்கும் முறைகள்

நிலம் ஊடுருவும் ரேடார் மின்காந்தத் துடிப்புகளை நிலத்துள் செலுத்தி, அவை எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைப் பதிவு செய்கிறது. நீர்ச் செறிவு திடீரென மாறும் இடங்களில் எதிரொலிப்பு எழுகிறது. நிறைவுற்ற பீட்டின் பருமனில் பெரும்பகுதி நீரே. அதற்கு அடியிலுள்ள களிமண்ணிலோ மணலிலோ நீரின் பங்கு மிகக் குறைவு. இவ்வேறுபாட்டினால் பீட்டின் அடித்தளம் படிமத்தில் தெளிவான கோடாகத் தோன்றுகிறது. வடநாட்டுப் பீட் நிலங்களில் 1980களிலிருந்தே இம்முறை கையாளப்பட்டு வருகிறது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள கரிபூ சதுப்பில், பனியாற்றுப் படிவாலான புதைமேடு ஒன்று அடியில் கிடப்பதையும், மேற்பரப்புக் குளங்களின் அமைவிடத்திற்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் ரேடார் படிமங்கள் புலப்படுத்தின. தொலைவுக்கொன்றாக இடப்பட்ட துளைகளால் மட்டும் இத்தகைய வடிவத்தைக் கண்டறிதல் அரிது.

மின்தடைப் படிமமாக்கலில், வரிசையாக நடப்பட்ட மின்முனைகள் வழியே மின்னோட்டம் செலுத்தப்பட்டு நிலத்தின் மின்தடைத்திறன் கணிக்கப்படுகிறது. மழைநீரால் மட்டும் ஊட்டம் பெறும் பீட்டில் கரைந்த உப்புகள் மிகக் குறைவாதலால் மின்தடைத்திறன் உயர்ந்தும், அடிக்களிமண்ணில் தாழ்ந்தும் காணப்படும். ரேடார் அலை மெலிந்து மறையும் ஆழங்களிலும் இம்முறை பயன்படும். ஆனால் இதன் படிமம் கணிப்பொறியில் பொருத்திப் பெறப்படுவது; அப்பொருத்தல் கூர்மையான எல்லைகளை மழுக்கிப் படிப்படியான மாற்றமாகக் காட்டும் இயல்புடையது. எனவே எல்லை எங்கே முடிகிறது என்பதை ஆய்வாளரே ஒரு மின்தடைத்திறன் மதிப்பைத் தெரிவு செய்து வரையறுக்க நேர்கிறது.

3. மேற்குக் காலிமந்தான் ஆய்வு

சேவியர் கோமாஸும் உடன் ஆய்வாளர்களும் மேற்குக் காலிமந்தானில் மேற்கொண்டு, 2015ஆம் ஆண்டில் 'பயோஜியோசயன்சஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. ரேடார், மின்தடைப் படிமமாக்கல், துளை மாதிரி, கார்பன் பகுப்பாய்வு ஆகிய அனைத்தையும் ஒரே களத்தில் ஒருங்கிணைத்தது அதன் முதற்சிறப்பு. புதைந்த மரங்கள், மரம் வேரோடு சாய்ந்ததால் உருவான பள்ளங்கள், பீட்டுக்கும் கனிம மண்ணுக்கும் இடைப்பட்ட கலப்படுக்கின் தடிமன் முதலியவற்றையும் படிமங்களிலிருந்து இனங்காண முடியும் என அது காட்டியது. ரேடாரின் குறையையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. ஆய்வுக்களங்களில் 5 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தைக் களிமண் செறிந்த கலப்படுக்கின் காரணமாக ரேடாரால் கணிப்பது கடினமாயிற்று என்றும், அவ்விடங்களில் மின்தடைப் படிமமாக்கலே சிறந்தது என்றும் அவர்கள் தெளிவாகக் குறிப்பிடுகின்றனர்.

அவ்வாய்வின் இரு முடிவுகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. முதலாவது, அடித்தளச் சரிவு 0.02 பாகைக்கும் குறைவாக உள்ள இடங்களில் ரேடார் தரும் ஆழத்திற்கும் துளை தரும் ஆழத்திற்கும் இடையிலான வேறுபாடு 3 விழுக்காட்டிற்குள் அடங்குகிறது என்பது. 0.02 பாகை என்பது ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் உயர வேறுபாடே. அதாவது அடித்தளம் கிட்டத்தட்ட மட்டமானது. மட்டமான தளத்தில் சில துளைகளே சராசரி ஆழத்தைச் செம்மையாகத் தந்துவிடும். தொடர்ச்சியான படிமம் தேவைப்படுவது தளம் மேடும் பள்ளமுமாக உள்ள இடத்திலேதான். ஆனால் அவ்விடத்தில் இடைவெளி மிகுந்த துளைகளைக் கொண்டு ரேடாரின் துல்லியத்தைச் சோதிப்பது கடினம். ஆகவே, கருவியின் துல்லியம் எங்கு நன்கு நிறுவப்பட்டுள்ளதோ அங்கு அதன் தேவை குறைவு. எங்கு தேவை மிகுதியோ அங்கு அதன் துல்லியம் அதே உறுதியுடன் நிறுவப்படவில்லை. இது அவ்வாய்வின் பிழையன்று. ஒப்பீட்டுச் சோதனையின் இயல்பிலேயே அமைந்த சிக்கல். ஆயினும் 3 விழுக்காடு என்னும் எண்ணை அதன் நிபந்தனையிலிருந்து பிரித்து, பிற களங்களுக்குரிய பொதுத் துல்லியமாக எடுத்தாளுதல் பொருந்தாது.

இரண்டாவது, சராசரி ஆழத்தில் 0.07 மீட்டர் வேறுபாடே உள்ள குறுக்குவெட்டுகளிலும் கார்பன் கணிப்பு எக்டேருக்கு 37 டன் வரை மாறுபடுகிறது என்பது. ஒரு எக்டேரில் 0.07 மீட்டர் தடிமன் 700 கன மீட்டர் பீட்டைக் குறிக்கும். 37 டன்னை அதனால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 53 கிலோகிராம் கார்பன் என்றாகிறது. இது வெப்பமண்டலப் பீட்டிற்கு இயல்பான அளவே. சிறு ஆழ வேறுபாடும் பெரும் கார்பன் வேறுபாடாக விரியும் என்னும் எச்சரிக்கை சரியானது. ஆனால் அவ்வெச்சரிக்கை துளை முறைக்கு மட்டுமன்றி ரேடாருக்கும் பொருந்தும். அதே பெருக்கி ரேடாரின் சொந்தப் பிழையையும் விரிக்கும். அப்பிழையின் ஊற்று அலையின் வேகத்தில் உள்ளது.

4. வேகம் என்னும் ஊகம்

ரேடார் பதிவின் நெடுக்கு அச்சில் உள்ளது ஆழமன்று. அலை சென்று திரும்பிய நேரம். அதனை ஆழமாக மாற்ற அலையின் வேகம் தெரிந்திருக்க வேண்டும். வெற்றிடத்தில் நானோ நொடிக்கு 0.3 மீட்டர் செல்லும் அலை, நீர் நிறைந்த பீட்டில் ஏறத்தாழ 0.035 முதல் 0.04 மீட்டர் வரையே செல்கிறது. நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80 என்னும் உயர்ந்த மதிப்புடையது என்பதே இக்குறைவிற்குக் காரணம்.

160 நானோ நொடியில் திரும்பிய ஓர் எதிரொலியை எடுத்துக்கொள்ளலாம். ஒருவழி நேரம் 80 நானோ நொடி. வேகம் 0.035 எனக் கொண்டால் ஆழம் 2.8 மீட்டர், 0.0375 எனில் 3.0 மீட்டர்; 0.04 எனில் 3.2 மீட்டர். பதிவு ஒன்றே; ஆழம் மூன்று. நடுமதிப்பிலிருந்து இருபுறமும் 0.2 மீட்டர் விலகும் இவ்வேறுபாடு, மேற்கண்ட கன மீட்டருக்கு 53 கிலோகிராம் என்னும் அளவின்படி, எக்டேருக்கு 106 டன் கார்பன் ஆகிறது. படிமமாக்கலின் பயனாகக் காட்டப்பட்ட 37 டன்னைவிட இது ஏறத்தாழ மூன்று மடங்கு.

வேகத்தைக் கணிக்க இரு வழிகள் உள்ளன. அனுப்பும் அலைவாங்கியையும் ஏற்கும் அலைவாங்கியையும் ஒரு நடுப்புள்ளியிலிருந்து படிப்படியாக விலக்கி, நேர மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணிப்பது ஒன்று. துளையால் அறிந்த ஆழத்தை ரேடார் நேரத்தால் வகுப்பது மற்றொன்று. இரண்டாவது வழியைப் பின்பற்றிய ஆய்வுகள், அதே துளைகளோடு ஒப்பிட்டு ரேடாரின் துல்லியத்தை அறிவித்தால் அது வட்ட வாதமாகிவிடும். வேகத்தைக் கணிக்கப் பயன்பட்ட துளைகளும் துல்லியத்தைச் சோதிக்கப் பயன்படும் துளைகளும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும்.

வேகம் பருவத்தாலும் மாறும். வடிகால் வெட்டப்பட்ட நிலத்தில் நீர்மட்டம் 1 மீட்டர் தாழ்ந்துள்ளதாகவும், பீட்டின் உண்மை ஆழம் 3 மீட்டர் எனவும் கொள்ளலாம். உலர்ந்த மேலடுக்கில் வேகம் 0.05 எனவும் ஈரமான கீழடுக்கில் 0.0375 எனவும் கொண்டால், மேல் 1 மீட்டரைக் கடக்க 20 நானோ நொடியும் கீழ் 2 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 53.3 நானோ நொடியும் ஆகும். இந்நேரம் முழுவதையும் ஈரப்பீட்டின் வேகத்தால் பெருக்கினால் ஆழம் 2.75 மீட்டர் எனக் கிடைக்கும். அதாவது வடிக்கப்பட்ட நிலம், இருப்பதைவிட ஆழம் குறைந்ததாகத் தோன்றும். இப்பிழை எப்பக்கமும் சாயும் தற்செயல் பிழையன்று. ஒரே திசையில் சாயும் முறைப்பிழை. எனவே அளவீடுகளின் எண்ணிக்கையைப் பெருக்கினாலும் அது நீங்காது.

5. ஆழத்திலிருந்து கார்பனுக்கு

ஆழம் பிழையற்றதாகக் கிடைத்தாலும் கார்பன் கணக்கு முடிவதில்லை. கார்பன் விழுக்காடு 55 எனக் கொள்வோம். உலர் பருமன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.08 கிராம் எனில் 3 மீட்டர் பீட்டில் எக்டேருக்கு 1,320 டன் கார்பன், 0.12 கிராம் எனில் 1,980 டன். இவ்விரு அடர்த்திகளும் வெப்பமண்டலப் பீட்டில் காணப்படுபவையே. இங்கு எழும் 660 டன் வேறுபாட்டின் முன் ஆழப்பிழையின் விளைவு சிறிதாகிவிடுகிறது. உலர் அடர்த்தியை ரேடார் நேரடியாகக் காட்டுவதில்லை. அது ஆய்வகத்தில் மாதிரியை உலர்த்தி நிறுத்தே பெறப்படுகிறது.

வடிகாலிடப்பட்ட நிலங்களில் இச்சிக்கல் மேலும் வலுக்கிறது. அல்யோஷா ஹோய்யர் முதலியோர் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, தென்கிழக்காசியத் தோட்டங்களில் வடிகாலுக்குப் பிந்தைய முதல் ஐந்து ஆண்டுகளில் நிலம் ஏறத்தாழ 1.4 மீட்டர் தாழ்ந்தது. பின்னர் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தாழ்ந்து வந்தது. இத்தாழ்வில் ஒரு பகுதி கார்பன் காற்றில் கலந்ததன் விளைவு; மற்றொரு பகுதி பீட் அமுங்கி இறுகியதன் விளைவு. அமுங்கிய பீட்டின் ஆழம் குறையும், அடர்த்தி கூடும், கார்பனோ மாறாது. இரு காலங்களில் எடுத்த படிமங்களை ஒப்பிட்டு ஆழக்குறைவு முழுவதையும் கார்பன் இழப்பாகக் கொள்வது மிகைக்கணிப்பாகும். அடர்த்தி உயர்வைக் கணக்கிலெடுக்காமல் இன்றைய ஆழத்தை மட்டும் கொண்டு இருப்பைக் கணிப்பது குறைக்கணிப்பாகும்.

அடித்தளத்தின் வரையறையும் தெளிவற்றது. கலப்படுக்கு பீட்டில் சேருமா, கனிம மண்ணில் சேருமா? ரேடார் கோடு நீர்ச்செறிவு மாறும் இடத்தைக் காட்டுகிறது. கரிமப்பொருளின் அளவு ஒரு வரம்பிற்குக் கீழே இறங்கும் இடத்தையன்று. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை.

காங்கோப் படுகையின் கணக்கு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2017ஆம் ஆண்டில் அங்குள்ள பீட்டின் பரப்பு 145,500 சதுர கிலோமீட்டர் எனவும் கார்பன் 30.6 பில்லியன் டன் எனவும் கணிக்கப்பட்டது. கூடுதல் கள அளவீடுகளுடன் 2022ஆம் ஆண்டில் வெளிவந்த கணிப்பில் பரப்பு 167,600 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது, கார்பனோ 29.0 பில்லியன் டன் என்றாயிற்று. பரப்பு கூடியும் கார்பன் கூடவில்லை. இப்புதிய கணிப்பின் முதன்மைப் பயன் ஐயப்பாட்டு வீச்சு பெரிதும் குறுகியதே. ஒரு கணிப்பின் தரத்தை அதன் நடு எண்ணைவிட அதனைச் சூழ்ந்த வீச்சே நன்கு காட்டும் என்பதற்கு இது தக்க சான்று.

6. மூன்று மீட்டர்க் கோடு

இவ்வாதங்கள் ஆய்வகத்தோடு முடிபவையல்ல. இந்தோனேசியாவின் 2014ஆம் ஆண்டு 71ஆம் எண் அரசு ஒழுங்குமுறையும், அதனைத் திருத்திய 2016ஆம் ஆண்டு 57ஆம் எண் ஒழுங்குமுறையும் 3 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள பீட்டைக் காப்பு நிலமாக வகைப்படுத்துகின்றன. 3 மீட்டர் என்னும் வரம்பு 1990ஆம் ஆண்டின் குடியரசுத்தலைவர் ஆணையிலேயே இடம்பெற்றிருந்தது. ஒரு நிலம் காப்பு நிலமாவதும் செம்பனைத் தோட்டத்திற்குரியதாவதும் பெரிதும் இவ்வெண்ணைப் பொறுத்தது.

2.8, 3.0, 3.2 ஆகிய மூன்றும் ஒரே பதிவிலிருந்து பெறப்படுமாயின், வேகத்தைத் தெரிவு செய்பவரே நிலத்தின் தலைவிதியைத் தெரிவு செய்கிறார். வடிக்கப்பட்ட நிலம் ஆழம் குறைந்து தோன்றும் முறைப்பிழையோ இன்னும் கவலைக்குரியது. முன்னரே சிதைக்கப்பட்ட நிலம் அச்சிதைவின் விளைவாகவே காப்பு வரம்பிற்குக் கீழே பதிவாகக்கூடும். உலர்ந்த பீட்டே எளிதில் தீப்பற்றுவது. 2015ஆம் ஆண்டுத் தீயில் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 26 இலட்சம் எக்டேர் நிலம் எரிந்தது. அதன் பின்னரே 2016ஆம் ஆண்டில் பீட் மீட்பு முகமை நிறுவப்பட்டது. பீட்டை விரைவாகவும் துல்லியமாகவும் வரைபடமாக்கும் முறைக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசும் அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. வானூர்தியிலிருந்து மின்காந்த முறையில் பீட்டை அளக்கும் ஆய்வுகளும் தொடர்கின்றன. விரைவும் பரப்பும் கூடக்கூட, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னுள்ள வேகத்தையும் அடர்த்தியையும் சோதிக்கும் வாய்ப்பு குறையும் என்பதால், ஐயப்பாட்டை அறிவிக்கும் கடமை மேலும் பெரிதாகிறது.

7. நீலகிரிக்கான பொருத்தம்

தமிழகத்திலும் பீட் உண்டு. நீலகிரி மேல்மலையின் பள்ளத்தாக்குச் சதுப்புகளிலிருந்து எடுத்த பீட்டின் கார்பன் ஓரிடத்தான்களைக் கொண்டு, கடந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் பருவநிலை மாற்றத்தை ஆர். சுகுமாரும் பிறரும் 1993ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் விளக்கினர். அவ்வாய்வு பீட்டைப் பருவநிலையின் ஆவணமாகப் படித்தது. அதனைக் கார்பன் இருப்பாக அளக்க முற்படும்போது படிமமாக்கல் பயன்படும். ஆனால் காலிமந்தானின் பரந்த கடலோரச் சமவெளிக்குரிய 3 விழுக்காட்டுத் துல்லியத்தை மலைப் பள்ளத்தாக்கின் குறுகிய, சரிந்த அடித்தளத்திற்கு எடுத்து வருதல் தகாது. இங்கு வேகமும் அடர்த்தியும் புதிதாகக் கணிக்கப்பட வேண்டும்.

முடிவுரை

புவியியற்பியல் படிமமாக்கலின் உண்மையான வலிமை, பீட்டின் அடியிலுள்ள நிலவடிவத்தைத் தொடர்ச்சியாகக் காட்டுவதில் உள்ளது. எங்குத் துளையிட வேண்டும், எத்தனை துளைகள் போதும் என்பதை அது சொல்லும். துளைக்கு மாற்றாக அதனைக் கொள்ளும்போதுதான் இடர் எழுகிறது. இவ்வாய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. ஆழத்தை அறிவிக்கும் ஒவ்வோர் ஆய்வும் தான் கொண்ட அலைவேகத்தையும், அது பெறப்பட்ட முறையையும் பருவத்தையும், அளவீட்டு நாளின் நீர்மட்டத்தையும் உடன் அறிவித்தல் வேண்டும்.

2. வேகத்தைக் கணிக்கும் துளைகளையும் துல்லியத்தைச் சோதிக்கும் துளைகளையும் வேறுபடுத்துதல் வேண்டும்.

3. கார்பன் இருப்பை ஒற்றை எண்ணாக அன்றி, ஆழம், அடர்த்தி ஆகிய இரண்டின் ஐயப்பாட்டையும் உள்ளடக்கிய வீச்சாகத் தருதல் வேண்டும்.

4. சட்ட வரம்பை ஒட்டிய நிலங்களை வரைபடத்தில் கோட்டால் பிரிக்காமல் பட்டையாகக் காட்டுதல் வேண்டும். அப்பட்டைக்குள் அடங்கும் நிலம், துளையிட்டு உறுதிசெய்யப்படும் வரை காப்பு நிலமாகவே கருதப்படுதல் தகும். காப்பு நிலம் எனப் பிழையாகக் கொண்டதைப் பின்னர்த் திருத்தலாம். வடித்து எரிந்த பீட்டை மீளப் பெற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.